ஞாயிறும் புதனும்

என் சுபா அண்ணிக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அழித்தேன். பழக்கம் போகமாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் எனக்குக் கடைசியாக அனுப்பியது, "மீன் வாங்கிட்டேன், வர்றீங்களா இல்லையா?" என்ற கேள்வி. அதற்கு நான் பதில் போடவில்லை. நேராக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். இப்போது எழுதுகிற பதில் கொஞ்சம் நீளம், அதில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சங்கதியும் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. யாழினி உயரத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள். புதன்கிழமை டியூஷனுக்கு இப்போது தனியாகவே பஸ் ஏறிப் போகிறாள். அண்ணன் அதே துவாஸ் துறைமுகம், அதே ஷிஃப்ட். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். மிளகை அள்ளிப் போடுகிறார், நாங்கள் இருமிக்கொண்டே நன்றாக இருக்கிறது என்கிறோம். சிராங்கூன் சாலையில் விளக்கு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் இந்த ஆண்டு நமக்குத் தீபாவளி இல்லை. முறுக்கு மட்டுமாவது வாங்கலாமா என்று யாழினி கேட்டாள். அண்ணன் வாங்கி வந்தார். டப்பாவை யாரும் திறக்கவில்லை.

உங்களைப் புளோக்கின் கீழே வாய்ட் டெக் பொதுவெளியில் கிடத்தியிருந்தபோது வந்தவர்களில் பாதிப் பேர் என் காதருகே குனிந்து "கேன்சரா?" என்றார்கள். அந்த நோயோடு ஆய்வகத்தில் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியவர் அதனால்தான் போயிருக்கவேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, பஸ் நிறுத்தத்திலேயே விழுந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அன்றைக்குக்கூட உங்கள்மேல் எனக்குப் பெருமைதான் இருந்தது. நாம் சேர்ந்து கண்டுபிடித்தது உங்களுக்குப் பிறகும் நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக நாம் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொட்டாவி விட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஆய்வகத்தில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பவர். நான் பல்கலைக்கழகத்தில் சமன்பாடு எழுதுகிறவன். நேரம் போகப் போக ஒன்று எப்படி மாறுகிறது என்று சொல்லும் சமன்பாடுகள். அவற்றைப் பரிணாமச் சமன்பாடுகள் என்போம். வெப்பம் பரவுவதும் அதில் வரும், ஒரு கூட்டம் பெருகுவதும் வரும். புக்கிட் மேராவில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நம் கூட்டு ஆரம்பித்தது. மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, மருந்தைக் கண்டதும் சில செல்கள் ஒரு புரதத்தை உண்டாக்கி, அதை வைத்து மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன என்று சொன்னீர்கள். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். அங்கே பிடித்தது. சாப்பிடும் இடத்தில் கேன்சர் பேச்சு வேண்டாம் என்று அண்ணன் கத்தாத வாரமே இல்லை.

அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்படி நீங்கள் செய்துவிட்டீர்கள். நுண்ணோக்கி தானாகவே படம் எடுத்து, பச்சை எவ்வளவு என்று எண்ணிக்கொண்டேயிருக்கும். அந்த எண்கள் எனக்கு மின்னஞ்சலில் வரும். தேதி இருக்காது. தொடங்கியதிலிருந்து எத்தனை மணி நேரம் என்பது மட்டும் இருக்கும். வரைந்து பார்த்தால் பச்சை ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. சீரான அலை. மூன்றரை நாளுக்கு ஒருமுறை.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தை உணர்ந்து புரதத்தைச் செய்து முடிக்க செல்லுக்குத் தாமதம் ஆகிறது, அந்தத் தாமதம்தான் அலையை எழுப்புகிறது என்று எழுதினேன். தாமதம் இவ்வளவு இருந்தால் அலை கட்டாயம் வரும் என்று ஒரு தேற்றம் நிறுவினேன். அந்தத் தேற்றம் இன்றைக்கும் சரிதான் அண்ணி. அதுதான் கேவலம். ஒரு வரியில்கூடப் பிழை கிடையாது, உலகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி.

கட்டுரை வந்தது. நீங்கள் போனதும் உங்கள் ஆய்வகத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த அலையைக் காட்டினேன். கைதட்டினார்கள். தமிழ் வானொலியில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். "புற்றுநோய்க்கும் நெஞ்சு மாதிரி ஒரு துடிப்பு இருக்கு, அதை என் அண்ணியும் நானும் கேட்டுட்டோம்" என்று சொன்னேன். வாய்க்கொழுப்பு. டெக்கா சந்தையில் நீங்கள் வழக்கமாகப் பூ வாங்கும் அக்கா அதைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் காசு வாங்கமாட்டேன் என்று கையில் மல்லிகையைத் திணித்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்து உங்கள் படத்துக்குப் போட்டேன்.

ஒரு மருத்துவமனையிலிருந்து புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பேசினார். புரதம் இறங்குகிற நேரம் பார்த்து மருந்து கொடுத்தால் நோயாளிகளுக்குக் குறைந்த அளவே போதுமே, ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாமா என்றார். செய்யலாம் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

இதற்கிடையில் உங்கள் செல்களை ஹுய் மின் எடுத்துக்கொண்டார். உங்கள் பக்கத்து மேசைக்காரர், உங்கள் சாவு வீட்டில் மூலையில் நின்று அழுதவர். அவர் அனுப்பிய புதிய எண்களை வரைந்தேன். அலை இல்லை. பச்சை கொஞ்சம் ஏறி அப்படியே படுத்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட என் சமன்பாட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. செல்களைச் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது, சுபா இருந்தபோது இப்படி ஆனதில்லை என்று அவருக்கு எழுதினேன். உங்கள் ஆய்வகத் தலைவிக்கும் ஒரு பிரதி போட்டேன். ஹுய் மின்னிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: நீங்களே வந்து பாருங்கள்.

எத்தனை தடவை நீங்கள் கூப்பிட்டிருப்பீர்கள். ஒரு தடவையாவது வந்து அதுகளோட மூஞ்சியைப் பாருங்க என்பீர்கள். எனக்கு எண்கள் போதும் அண்ணி என்பேன். அதை ஏதோ உயர்ந்த குணம் போலச் சொல்வேன். நீங்கள் போன பிறகு, சண்டை போடுவதற்காக, முதல் தடவையாக உங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன்.

ஹுய் மின் கோபப்படவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து செல்கள் இருந்த தட்டுகளைக் காட்டினார். பால் விடுவதற்கு முந்தின பாண்டுங், அந்த ரோஜா சர்பத் நிறத்தில் ஒரு திரவம், அதற்கடியில் நம் செல்கள். அதுதான் அவற்றின் சாப்பாடு, அதில்தான் மருந்தும் கலந்திருக்கிறது, பழசானால் மஞ்சளாகிவிடும் என்றார். பக்கத்தில் ஒரு சின்ன இயந்திரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். பம்ப் என்றார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"சுபா ஞாயிறு காலையிலயும் புதன் ராத்திரியும் வந்து கையால மாத்துவாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை வர முடியாது, அம்மாவைப் பாத்துக்கணும். அதனால பம்ப் போட்டுட்டேன். சொட்டுச் சொட்டா எப்பவும் போய்க்கிட்டே இருக்கும்."

ஞாயிறு காலை, புதன் ராத்திரி. நான் அங்கேயே நின்று விரலை மடக்கினேன். கணிதப் பேராசிரியர், ஆய்வகத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி. ஞாயிறு காலையிலிருந்து புதன் ராத்திரி வரை மூன்றரை நாள். புதன் ராத்திரியிலிருந்து ஞாயிறு காலை வரை மூன்றரை நாள்.

நீங்கள் புது மருந்தோடு சாப்பாடு ஊற்றுவீர்கள், பச்சை ஏறும். மருந்து தேயத் தேய இறங்கும். திரும்ப வந்து ஊற்றுவீர்கள். அவ்வளவுதான் அண்ணி. செல்களுக்குத் துடிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏழு நாள் என்று வந்திருந்தால் எந்த மடையனும் அதை வாரம் என்று சொல்லியிருப்பான். மூன்றரை என்று வந்ததால் இயற்கையின் ரகசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எண்ணி ஹுய் மின் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இல்லை, வெட்கத்தில் அழுகிறேன் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அவர்மேல் பழி போட்டவன் நான். மன்னிப்புக் கேட்டு எழுதியபோது தலைவிக்கும் பிரதி போட்டேன், ஆனால் அது மறுநாள்தான். அன்றைக்கு எழுந்து வெளியே வருவதே பெரும்பாடாக இருந்தது.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் தெரியாதவை இல்லை. காலையில் டெக்காவுக்குப் போய் ஆட்டுக்கறியும் வாழையிலையும் வாங்குவீர்கள். "அந்தச் சனியனுங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன்" என்று கறிப் பையோடு ஆய்வகத்துக்குப் போவீர்கள். பையைக் கீழே காவல்காரர் தன் குளிர்பெட்டியில் வைத்திருந்து கொடுப்பார். மத்தியானம் அந்தக் கறியைத்தான் நான் ஒரு பிடி பிடிப்பேன். புதன்கிழமை அண்ணனுக்கு மாலை ஷிஃப்ட். யாழினியை டியூஷனில் விட்டுவிட்டு, அவள் முடித்து வருவதற்குள் நீங்கள் ஆய்வகம் போய்வருவீர்கள். எல்லாம் எனக்குத் தெரியும். கொழுந்தனுக்குத் தெரிந்தது, கணக்குப் போடுகிறவனுக்குத் தெரியவில்லை.

நம் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலேயே, வாரம் இருமுறை திரவம் மாற்றப்பட்டது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் பெயருக்குக் கீழே வந்த கட்டுரை. அந்தப் பகுதியை நான் படிக்கவில்லை. உங்கள் வேலை சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் தேற்றத்தை நீங்களும் அப்படித்தான் விட்டிருப்பீர்கள். ஆளுக்கொரு பாதியை எழுதி, மற்றவர் பாதியைக் கும்பிட்டு ஒதுக்கிவிட்டோம்.

ஆனால் நீங்கள் கேட்டீர்கள். அதுதான் என்னைத் தின்கிறது. கட்டுரையை அனுப்புவதற்கு முன், சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்.

"கொழுந்தனாரே, நான் சாப்பாடு போடுறது உங்க கணக்குல எங்க வருது?"

"அது கான்ஸ்டன்ட் அண்ணி. எப்பவும் ஒரே மாதிரி இருக்குன்னு வெச்சுக்கிட்டேன்."

"அப்படியா? நீங்க சொன்னா சரிதான் லா."

சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க எழுந்து போனீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்து, படித்த கொழுந்தன் முகம் சுருங்கிவிடும் என்று விட்டுவிட்டீர்களா? அல்லது என் சமன்பாட்டைப் பார்த்துப் பயந்து, நாம் கேட்பது முட்டாள்தனம் என்று வாயை மூடிக்கொண்டீர்களா? எது என்றாலும் எனக்குத் தலைகுனிவுதான். அப்பளம் வேண்டாம், இன்னொரு தடவை கேளுங்கள் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

மருத்துவரிடம் சொன்னேன். இன்னும் எந்த நோயாளிக்கும் தொடங்கவில்லையாம்.  "நல்ல வேளை" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று இதழுக்கு எழுதினேன். அளந்தது எல்லாம் சரி, அளந்தவர் மேல் குற்றமில்லை, அதை அர்த்தப்படுத்தியது முழுக்க என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வானொலிக்கும் எழுதியிருக்கிறேன். பூ விற்கும் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இதழுக்கு எழுதுவதற்கு முன் அண்ணனிடம் சொல்லவேண்டியிருந்தது. கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் பெயரைத் தொட்டுக் காட்டுவார். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? லிஃப்டில் ஏறி, உங்கள் மாடியில் இறங்காமல் மறுபடி கீழே போய், கோப்பிக் கடையில் பால் விடாத தே ஓ ஒன்று குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

யாழினி வெளியே போயிருந்தாள். அண்ணன் அவளுடைய பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன், எல்லாவற்றையும். அவர் இஸ்திரி போடுவதை நிறுத்தவில்லை.

"அவ பேரு போயிடுமாடா?" என்று கேட்டார்.

கட்டுரையே போகிறது, ஆனால் அவர் அளந்தது சரி என்று எழுத்தில் இருக்கும் என்றேன். சரி என்றார். அவர் திட்டியிருக்கலாம். உன்னை நம்பித்தானே அவள் கையெழுத்துப் போட்டாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டையைத் திருப்பிப் போட்டு, காலரை அழுத்தித் தேய்த்தார்.

பிறகு, அந்த அலையைக் காட்டு என்றார். மடிக்கணினியைத் திறந்து, கட்டுரையில் போட்டதை அல்ல, நீங்கள் அனுப்பிய எண்களை அப்படியே வரைந்ததைக் காட்டினேன். ஒவ்வொரு ஏற்றமும் அவள் போன நாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலைத் திரையில் வைத்து, ஞாயிறு, புதன், ஞாயிறு, புதன் என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கே பச்சை ரொம்பக் கீழே இறங்கி, நேரம் கழித்துத்தான் ஏறியிருந்தது.

"இது ஏன் இங்க மட்டும் தள்ளிப் போயிருக்கு?"

அதைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன், கருவிக் கோளாறு என்று நினைத்தேன் என்றேன். எந்த நாள் என்று கேட்டார். தொடங்கிய தேதியை ஹுய் மின்னிடம் கேட்டு வைத்திருந்தேன், அதைக்கொண்டு மணி நேரத்தைத் தேதியாக மாற்றிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குத்தானேடா உனக்கு டெங்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டெக்காவுக்கும் போகவில்லை, ஆய்வகத்துக்கும் போகவில்லை. விடிந்ததும் ரயில் ஏறி பாசிர் ரிஸ்ஸில் என் வீட்டுக்குக் கஞ்சியோடு வந்துவிட்டீர்கள். கூடவே பாட்டிலில் பப்பாளி இலைச் சாறு. மூலக்கூறு உயிரியல் படித்தவர் இலையை அரைத்துக்கொண்டு வரலாமா என்று அந்தக் காய்ச்சலிலும் கிண்டல் செய்தேன். "எனக்கே நம்பிக்கை இல்ல, உங்க அண்ணன் கேக்க மாட்டேங்கறாரு, குடிச்சுத் தொலைங்க" என்று மூக்கைப் பிடித்து ஊற்றினீர்கள். இருட்டும் வரை என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு உங்கள் செல்கள் பட்டினி. மறுநாள்தான் போய் ஊற்றியிருக்கிறீர்கள். அந்த நாளைத்தான் நான் கோளாறு என்று வெட்டியெறிந்தேன். வெட்டாமல் விட்டு, இது ஏன் என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்றே எல்லாம் தெரிந்திருக்கும். பதில் சொல்ல அன்று நீங்களும் இருந்தீர்கள்.

 சாப்பிட்டுவிட்டுப் போ என்றார் அண்ணன். மிளகு ரசம் குடித்தேன். சட்டத்தை அவர் இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை, எடுங்கள் என்று சொல்ல நான் யார்?

இப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான் சொன்னது தவறு என்று விரலை மடக்கிச் சொன்னால் போதாது, காட்டவேண்டும். ஒரு தட்டுக்கு ஹுய் மின்னின் பம்ப். இன்னொரு தட்டுக்கு உங்களைப் போலவே ஞாயிறு காலையிலும் புதன் ராத்திரியிலும் கையால். அந்தக் கை என்னுடையதாக இருக்கட்டும் என்று கேட்டேன். ஹுய் மின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பினார். என் மாணவர்கள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். கையுறையோடு போனைத் தொட்டு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். நான் முதலில் ஊற்றிய தட்டில் பூஞ்சை பிடித்துச் செல்கள் மொத்தமும் செத்தன. நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, இப்போது தாங்குவேன்.

வருகிற ஞாயிறு மறுபடி தொடங்குகிறேன். காலையில் டெக்காவுக்குப் போவேன். அந்த அக்காவிடம் நின்று, வானொலியில் நான் பேசியது பொய்யாகிவிட்டது என்று சொல்லி, பூவுக்குக் காசு கொடுப்பேன். கறியை வாங்கிக் கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டு மேலே போவேன். அந்தச் சனியன்களுக்குச் சாப்பாடு போடுவேன். புதன்கிழமை யாழினியை, தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னாலும், நானே டியூஷனில் விட்டுவிட்டுப் போய் ஊற்றுவேன். கையால் ஊற்றிய தட்டில் மட்டும் அலை திரும்ப வந்தால் என் பெயர் கெட்டது கெட்டதுதான், அதற்குப் பிறகு ஒரு சமாதானமும் சொல்ல முடியாது. ஆனாலும் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் அண்ணி. திரையில் உங்கள் ஞாயிற்றுக்கிழமையை இன்னொரு தடவை பார்க்கவேண்டும்.

யாருக்காவது உடம்பு சரியில்லாமல் நான் ஒரு நாள் போக முடியாவிட்டால், அந்த நாளையும் வெட்டாமல் வைப்பேன். இது சத்தியம்.

உங்கள் கையால் கறிச்சோறு தின்று, பப்பாளி இலைச் சாறு குடித்து வளர்ந்த கொழுந்தன்,
குமார்